புதிய இயர்பட்ஸ் தேவையா? பழையதில் எது தேய்ந்தது என்பதே முதல் கேள்வி

ஒயர்லெஸ் இயர்பட்ஸ் தயாரிக்கும் நிறுவனங்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய மாடலை வெளியிடுகின்றன. ஒவ்வொரு அறிவிப்பிலும் புதிய சிப், உயர்ந்த புளூடூத் எண், நுட்பமான கோடெக், கூடுதல் நேரம் ஓடும் பேட்டரி, "இரண்டு மடங்கு" இரைச்சல் நீக்கம் என்று ஒரு பட்டியல் வருகிறது. கையில் இருப்பது இன்னும் பாடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பட்டியலை நம்பி மாற்றலாமா என்ற குழப்பம் எழுவது இயல்பே. இயர்பட்ஸை ஒரே பொருளாகப் பார்க்கும்வரை இந்தக் குழப்பம் தீராது. அதை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்தால், எந்த உறுப்புக்காக மாற்றுகிறோம் என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

## உள்ளே இருப்பவை

1. டிரைவர்: மின்சைகையை ஒலியாக மாற்றும் மெல்லிய சவ்வும் அதை அசைக்கும் அமைப்பும். இது பல பத்தாண்டுகளாக முதிர்ந்த தொழில்நுட்பம். அடிபடாமலும் நனையாமலும் இருந்தால் எளிதில் கெடுவதில்லை.

2. பேட்டரி: ஒவ்வோர் இயர்பட்டிலும் ஒன்று, சார்ஜிங் கேஸில் ஒன்று, ஆக மூன்று லித்தியம்-அயான் பேட்டரிகள். பயன்படுத்தினாலும் தேயும், சும்மா வைத்திருந்தாலும் தேயும்.

3. புளூடூத் ரேடியோ: போனிலிருந்து ஒலித்தரவைப் பெறும் பகுதி. இது தேய்வதில்லை, ஆனால் புதிய தர வரையறைகள் வரும்போது பழையதாகிவிடும்.

4. மைக்குகளும் செயலி சிப்பும்: இரைச்சல் நீக்கம், வெளி ஒலியை உள்ளே விடுதல், அழைப்பில் குரலைப் பிரித்தெடுத்தல் ஆகிய வேலைகள் இங்கே நடக்கின்றன.

5. காதைத் தொடும் பகுதி: சிலிக்கோன் அல்லது நுரையால் ஆன இயர்டிப்பும், ஒலி வெளிவரும் துளையை மூடியிருக்கும் வலையும்.

விளம்பரங்கள் பேசுவது பெரும்பாலும் மூன்றாவதையும் நான்காவதையும் பற்றி. கருவி பயனற்றுப்போவது பெரும்பாலும் இரண்டாவதால். "முன்பு போல ஒலி இல்லை" என்ற புகாருக்குக் காரணம், ஆராய்ந்து பார்த்தால், பல நேரங்களில் ஐந்தாவதாகவே இருக்கும்.

## பேட்டரி: முதலில் தேய்வது

2016 டிசம்பரில் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் முதல் ஏர்பாட்ஸில் ஓர் இயர்பட்டுக்குள் இருந்த பேட்டரியின் கொள்ளளவு 93 மில்லிவாட் மணி. அதே ஆண்டு வந்த ஐபோன் 7-இன் பேட்டரி 7.45 வாட் மணி. அதாவது போன் பேட்டரியில் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்கு. இத்தனை சிறிய பேட்டரி ஒவ்வொரு முறையும் முழுவதுமாக நிரம்பி, பெருமளவு காலியாகி, மீண்டும் நிரம்புகிறது.

லித்தியம்-அயான் பேட்டரிகள் பொதுவாக 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும் என்பது தொழில்துறையில் வழங்கும் கணக்கு. ஒரு முறை நிரப்பினால் 5 மணி நேரம் பாடும் இயர்பட்டை நாளொன்றுக்கு 3 மணி நேரம் பயன்படுத்துபவர் 2,500 மணி நேரத்தை, அதாவது 500 சுற்றுகளை, சுமார் இரண்டே கால் ஆண்டுகளில் எட்டிவிடுவார். நாளுக்கு ஒரு மணி நேரமே பயன்படுத்துபவருக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகளாக நீளும். ஆனால் அவருடைய பேட்டரி காலத்தாலேயே, குறிப்பாகச் சூட்டாலும் எப்போதும் முழுச் சார்ஜில் கேஸுக்குள் கிடப்பதாலும், அதற்கு முன்பே தளர்ந்திருக்கும்.

80 சதவீதம் என்பது முடிவு அல்ல. ஐந்து மணி நேரம் நான்காகக் குறைந்தால் பலருக்கு அது தெரியவே தெரியாது, ஏனெனில் இடையிடையே கேஸில் வைக்கும்போது சார்ஜ் ஏறிவிடுகிறது. இதனால் இயர்பட் பேட்டரியின் தேய்மானத்தைக் கேஸ் நீண்ட காலம் மறைத்துவிடுகிறது. திடீரென்று ஒரு நாள் நீண்ட அழைப்பின் நடுவே ஒரு பக்கம் மட்டும் அணைந்துபோகும்போதுதான் உண்மை தெரியவருகிறது. ஒரு பக்கம் முதலில் தளர்வதும் வியப்புக்குரியதல்ல: அழைப்புகளை ஒரே காதில் வைத்துப் பேசும் பழக்கமுள்ளவர்களின் அந்தப் பக்க பேட்டரி கூடுதல் சுற்றுகளைக் கண்டிருக்கும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது அளவிடுதல். இரு பக்கங்களையும் முழுதாகச் சார்ஜ் செய்து, வழக்கமான ஒலியளவில், வழக்கமாகப் பயன்படுத்தும் அதே இரைச்சல் நீக்க நிலையில், கேஸில் திரும்ப வைக்காமல் அணையும்வரை ஓடவிட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண்ணோடு இதை ஒப்பிடும்போது இரண்டு கவனக்குறிப்புகள் உண்டு. முதலாவது, "30 மணி நேரம்" போன்ற பெரிய எண் கேஸில் மீண்டும் மீண்டும் நிரப்புவதையும் சேர்த்தது. இரண்டாவது, இயர்பட்டுக்கான எண் பல மாடல்களில் இரைச்சல் நீக்கத்தை அணைத்து வைத்து அளந்தது.

பேட்டரியை மட்டும் மாற்றலாமே என்ற கேள்விக்கு விடை கசப்பானது. பெரும்பாலான மாடல்கள் பசையால் மூடி ஒட்டப்பட்டவை. உடைக்காமல் திறக்க முடியாது. கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் இடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் ஏர்பாட்ஸுக்குப் பழுதுநீக்கத் தகுதியில் பத்துக்குப் பூஜ்யம் கொடுத்தது. இருப்பினும் சில நிறுவனங்கள் ஒற்றை இயர்பட்டையோ கேஸையோ தனியே மாற்றித் தருகின்றன. ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தவர் புதிய மாடலின் விலையைப் பார்க்கும் முன் இதை விசாரிப்பது நல்லது.

## ஒலி மந்தமாகிவிட்டதா? நுனியைப் பாருங்கள்

காதில் செருகும் வகை இயர்பட்ஸில், இயர்டிப் காதுக் குழாயைக் காற்றுப் புகாமல் அடைத்தால்தான் தாழ்ந்த ஒலிகள் முழுமையாகக் கேட்கும். சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் காணாமல் போவது பேஸ். சிலிக்கோன் காலப்போக்கில் இறுகியும் தளர்ந்தும் விடுகிறது. பலர் பெட்டியில் வந்த நடுத்தர அளவையே, அது தமக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமலே, ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். வலையில் படியும் குறும்பி ஒரு பக்கத்தின் ஒலியைக் குறைக்கிறது. உட்புற மைக்கின் பாதையை அடைத்தால் இரைச்சல் நீக்கத்தின் தரத்தையும் கெடுக்கிறது. வலையை உலர்ந்த மென்மையான தூரிகையால் துடைத்து, புதிய இயர்டிப் போட்ட பிறகும் ஒலி பிடிக்கவில்லை என்றால் மட்டுமே கருவியைக் குறை சொல்ல முடியும்.

## புளூடூத் எண்ணும் கோடெக்கும்

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் புளூடூத் பதிப்பு எண்ணுக்கும் ஒலித்தரத்துக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. 2016-இன் இறுதியில் வந்த 5.0 முதல் 2024-இல் வந்த 6.0 வரையான மாற்றங்களில் பெரும்பகுதி மின்சிக்கனம், இணைப்பின் உறுதி, தொலைவை அளத்தல் போன்றவற்றைப் பற்றியது. ஒலிக்கு உண்மையில் பொருட்படுத்த வேண்டிய மாற்றம் 2020-இல் வந்த 5.2 பதிப்பில் அடித்தளமிடப்பட்ட எல்இ ஆடியோ, அதாவது குறைந்த மின்சக்தியில் ஒலியை அனுப்பும் புதிய புளூடூத் முறை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: எல்இ ஆடியோ விருப்பத்துக்குரிய வசதி, 5.3 அல்லது 5.4 என்று எழுதியிருந்தாலும் ஒரு கருவியில் அது இல்லாமலிருக்கலாம். எண்ணைப் பார்க்காமல் "எல்இ ஆடியோ" என்ற சொல் விவரக்குறிப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான வழி.

கோடெக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்கும் முறை. இசைக்கான பழைய புளூடூத் முறையில் எல்லாக் கருவிகளுக்கும் கட்டாயமான கோடெக் எஸ்பிசி. வழக்கமான உயர் அமைப்பில் அது வினாடிக்குச் சுமார் 328 கிலோபிட் அனுப்பும். சோனி 2015-இல் அறிமுகப்படுத்திய எல்டிஏசி 330, 660, 990 கிலோபிட் என்ற மூன்று படிகளில் இயங்கும். சிப் நிறுவனமான குவால்காமின் ஆப்டெக்ஸ் என்ற கோடெக் குடும்பம் தனி. ஐபோன்கள் இசைக்கு எஸ்பிசியையும் ஏஏசி என்ற மற்றொரு கோடெக்கையுமே பயன்படுத்துகின்றன. எல்டிஏசியும் ஆப்டெக்ஸும் அவற்றில் இல்லை.

இரு கரையிலும் துறை இருந்தால்தான் ஓடம் பயன்படும். போனில் இல்லாத கோடெக்குக்காக இயர்பட்ஸ் வாங்கினால், இணைப்பு நமக்குத் தெரியாமலே இரண்டுக்கும் பொதுவான எஸ்பிசிக்கோ ஏஏசிக்கோ இறங்கிவிடும். அப்படி இறங்கியதைத் திரையில் யாரும் அறிவிப்பதுமில்லை. போன், இயர்பட்ஸ் இரண்டிலும் எல்டிஏசி இருந்தாலும், 990 என்ற படி நெரிசல் மிகுந்த இடங்களில் நிலைப்பது கடினம். வைஃபை உட்படப் பல கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பகிர்வதால், கூட்டமான ரயில் நிலையத்தில் கருவி தானாகக் கீழ்ப்படிக்கு இறங்கும் அல்லது ஒலி விட்டுவிட்டு வரும். இயர்டிப் சரியாகப் பொருந்தாதவருக்கு 330-க்கும் 990-க்கும் உள்ள வேறுபாடு கேட்கப்போவதே இல்லை. கோடெக் ஒன்றுக்காக மட்டும் இயர்பட்ஸை மாற்றுவது, ஒரு சிலரைத் தவிர மற்றவர்களுக்கு, மிகக் குறைந்த பலன் தரும் செலவு என்றே சொல்ல வேண்டும்.

## அழைப்பில் இசை ஏன் தொலைபேசிபோல ஆகிறது

அதிகம் புரிந்துகொள்ளப்படாத பகுதி இது. இசை கேட்பதற்குப் பழைய புளூடூத் பயன்படுத்தும் முறை ஒருவழிப் பாதை: போனிலிருந்து காதுக்கு மட்டும். மைக் இயங்கத் தொடங்கியதும் கருவி இருவழிப் பாதையான ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு மாறுகிறது. அந்த முறையின் பழைய வடிவம் ஒலியை வினாடிக்கு 8,000 மாதிரிகளாக (ஒலி அலையை அளந்தெடுக்கும் புள்ளிகளாக) மட்டுமே எடுக்கும். அதனால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் முற்றிலும் வெட்டுப்படும். மேம்பட்ட வடிவம் 16,000 மாதிரிகள் வரை செல்லும். கணினியில் காணொளிக் கூட்டத்தில் சேர்ந்ததும் அருமையான இயர்பட்ஸ் திடீரென்று பழைய தொலைபேசிபோல ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். கருவியின் குறை அல்ல.

எல்இ ஆடியோவில் எல்சி3 என்ற கோடெக் இரு திசைகளிலும் இயங்குவதால் இந்தச் சரிவு பெருமளவு மறைகிறது. எஸ்பிசியைவிடக் குறைந்த பிட் வேகத்தில் அதற்கு ஈடான தரத்தைத் தருவதே அதன் வடிவமைப்பு நோக்கம். நாளெல்லாம் கூட்டங்களில் இருப்பவருக்கு, அவருடைய கணினியும் போனும் எல்இ ஆடியோவை ஆதரிக்குமானால், இது மாற்றுவதற்கு உறுதியான காரணம். ஆதரிக்காவிட்டால் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: கூட்டச் செயலியின் அமைப்பில் மைக்காகக் கணினியின் சொந்த மைக்கையும், ஒலிப்பானாக மட்டும் இயர்பட்ஸையும் தேர்ந்தெடுத்தால், ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு இறங்க வேண்டிய தேவையே எழாது.

எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரல் எப்படிக் கேட்கிறது என்பது வேறு கேள்வி. வாயிலிருந்து தள்ளிக் காதில் இருக்கும் மைக், குரலைச் சுற்றுப்புற ஒலியிலிருந்து பிரித்தாக வேண்டும். பல மைக்குகளை இணைத்தும், தாடை எலும்பின் அதிர்வை உணர்ந்தும், பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருளால் வடிகட்டியும் இதைச் செய்வதில் சமீப ஆண்டுகளில் கண்கூடான முன்னேற்றம் உண்டு. காற்றிலும் போக்குவரத்திலும் பேசுபவர் இதை உணர்வார்; அமைதியான அறையில் பேசுபவருக்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

## இரைச்சல் நீக்கம்: உண்மையான முன்னேற்றம், மிகைப்படுத்தப்பட்ட எண்

வெளி ஒலியை மைக்கால் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கி இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்வதே இரைச்சல் நீக்கம். இந்தக் கருத்துக்கு 1936-லேயே ஜெர்மானியரான பால் லூக் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். போஸ் நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக விற்றது. 2019-இல் சோனியின் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்3, ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ ஆகியவற்றின் மூலம் இது சிறிய இயர்பட்ஸில் பரவலாக வந்து சேர்ந்தது.

கடினம் நேரத்தில் இருக்கிறது. எதிரலை, ஓர் அலைச்சுற்றின் ஆறில் ஒரு பங்கு நேரம் தாமதித்து வந்தாலே நீக்கம் முற்றிலும் வீணாகிவிடும். அதற்கும் மேல் தாமதித்தால் இரைச்சல் கூடத்தான் செய்யும். 100 ஹெர்ட்ஸ் எஞ்சின் உறுமலுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 1.7 மில்லிவினாடி. 1,000 ஹெர்ட்ஸுக்கு 0.17 மில்லிவினாடி. 4,000 ஹெர்ட்ஸுக்கு 0.04 மில்லிவினாடி. இதனால்தான் விமான எஞ்சினும் ஏசியின் ரீங்காரமும் மறைந்துபோகின்றன, பக்கத்து இருக்கையின் பேச்சும் தட்டு விழும் ஓசையும் மறைவதில்லை. உயர்ந்த ஒலிகளைத் தடுப்பது பெரும்பாலும் இயர்டிப்பின் அடைப்புதான். வேகமான சிப்புகள், நீக்கக்கூடிய அதிர்வெண்ணின் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளியிருக்கின்றன. முதல் தலைமுறை நீக்கத்திலிருந்து இன்றைய நல்ல மாடலுக்கு மாறுபவர் அதை உணர முடியும்.

"இரண்டு மடங்கு" என்ற வாசகத்தை மட்டும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஒலியழுத்தத்தில் இரண்டு மடங்கு என்றால் 6 டெசிபல்; ஆற்றலில் என்றால் 3 டெசிபல்; மனிதக் காது ஓர் ஒலியைப் பாதியாகிவிட்டதாக உணர்வதற்கோ ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். எந்த அதிர்வெண்ணில், எதன் அளவில் இரண்டு மடங்கு என்று விளம்பரம் சொல்வது அரிது.

விளம்பரங்கள் அதிகம் பேசாத ஒரு பயன் இங்கே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி வயது வந்தோருக்கு 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பது எல்லை. ஒலி 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகிறது. 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பேருந்திலும் ரயிலிலும் வெளி இரைச்சலை வெல்லத்தான் பெரும்பாலோர் ஒலியைக் கூட்டுகிறார்கள். இரைச்சல் நீக்கமே இல்லாத பழைய இயர்பட்ஸோடு நாள்தோறும் நெடுநேரம் பயணம் செய்பவருக்கு, மாற்றுவதற்கான வலுவான காரணம் இசையின் தரத்தைவிடச் செவிநலமே.

## மற்ற வசதிகள்

நீர்த்தடைக் குறியீட்டில் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். கடைசி எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். இவை புதிய கருவியைத் தூய நீரில் சோதித்த முடிவுகள்; வியர்வையும் வயதும் கணக்கில் இல்லை. இதயத்துடிப்பு உணரி சில புதிய மாடல்களில் வந்திருக்கிறது. கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டுபவருக்கு அது இரண்டாவது முறை அதே வேலை.

காணொளிச் செயலிகள், புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும் தாமதத்தைத் தாமே ஈடுகட்டிவிடுகின்றன; விளையாட்டுகளிலும் இசைக்கருவிச் செயலிகளிலும் மட்டும் அது உறுத்தும்.

மென்பொருள் வழியாகவே பெரிய வசதி வந்து சேர்வதும் உண்டு. 2022-இல் வெளிவந்த ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறைக்கு, மிதமான அளவு வரையிலான செவித்திறன் குறைபாட்டுக்கு உதவும் செவியுதவி மென்பொருளை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 செப்டம்பரில் அனுமதித்தது. ஏற்கெனவே அதை வைத்திருந்தவர்கள் புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. மாற்றுவதற்கு முன் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## முடிவெடுக்கும் வரிசை

1. வலையைச் சுத்தம் செய்து, சரியான அளவு இயர்டிப் போட்டு, ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகு குறை நீடிக்கிறதா என்று பார்க்கவும். நீடிக்காவிட்டால் அடுத்த படிகள் தேவையில்லை.

2. பேட்டரியை மேலே சொன்ன முறையில் அளக்கவும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுவது நியாயம். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால், முதலில் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்ற வாய்ப்புள்ளதா என விசாரிக்கவும்.

3. பேட்டரி நன்றாக இருந்தும் இரைச்சல் நீக்கம் இல்லையென்றால், பயணமும் இரைச்சலான வேலையிடமும் அன்றாடமா என்பதை வைத்து முடிவெடுக்கவும்.

4. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்த, இரைச்சல் நீக்கம் உள்ள உயர்நிலை மாடல் கையில் இருந்தால், அதே வரிசையின் அடுத்த மாடல் தரும் கூடுதல் பலன் சிறிதே. எல்இ ஆடியோ தேவைப்படும் அழைப்பு வேலை இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

வாங்குவது என்று முடிவானால், புதிய மலிவு மாடலுக்கும் ஒரு தலைமுறை பழைய உயர்நிலை மாடலுக்கும் இடையே பின்னதே பெரும்பாலும் சிறந்தது. இரைச்சல் நீக்கத்திலும் மைக்கிலும் அந்த வேறுபாடு தெரியும். ஆனால் நெடுங்காலம் கிடங்கில் கிடந்த சரக்கின் பேட்டரி, பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஓரளவு தளர்ந்திருக்கும் என்பதால், உற்பத்தித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும்.

## காத்திருக்கலாமா

காத்திருப்பதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் பேட்டரிகளைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்கிறது. இந்த விதி 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே நடைமுறைக்கு வருகிறது. பெரும்பாலும் நீர் படும் சூழலில் இயங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கருவிகள் போன்ற சிலவற்றுக்குத் தளர்வு உண்டு. எனவே எல்லா இயர்பட்ஸும் திறக்கக்கூடியவையாக மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனாலும் அது இயலாத காரியம் அல்ல என்பதை ஃபேர்ஃபோன் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஃபேர்பட்ஸ் காட்டிவிட்டது: அதில் இரு இயர்பட்களின் பேட்டரிகளையும் கேஸின் பேட்டரியையும் வீட்டிலேயே மாற்றலாம். பழைய இயர்பட்ஸ் இன்னும் மூன்று மணி நேரம் தாங்குகிறது என்றால், அடுத்து வாங்கும் மாடலின் விவரக்குறிப்பில் கோடெக் பெயர்களுக்கு முன்பாக, பேட்டரியை மாற்ற முடியுமா என்ற வரியைத் தேடும் நிலை வரும்வரை பொறுத்திருக்கலாம்.